டெம்பரேச்சர் கண்ட்ரோலர் வாங்குறீங்களா? டிஸ்ப்ளேய விட்டுட்டு ரிலேய பாருங்க

கேள்வி: சார், பழைய டீப் ஃப்ரீசர்ல தெர்மோஸ்டாட் போயிடுச்சு, ஆன்லைன்ல ஒரு டிஜிட்டல் கண்ட்ரோலர் வாங்கி மாட்டுனேன். பாயிண்ட் ஒன்னு வரைக்கும் காட்டுதேன்னு டிஃபரன்ஸ 0.3 டிகிரில வச்சேன், செட் பண்ணது மைனஸ் 18. இப்ப கம்ப்ரசர் ஆன் ஆகி ஆஃப் ஆகிட்டே இருக்கு, சில தடவ உறுமிட்டு அப்படியே நின்னுடுது. பீஸ் மோசமா, ரிட்டர்ன் பண்ணிடவா?

பதில்: ரிட்டர்ன் வேணாங்க, பீஸ் நல்லாத்தான் இருக்கு, செட்டிங்தான் தப்பு. ஆனா மொதல்ல ஃப்ரீசர ஆஃப் பண்ணுங்க, இப்படியே ஓடுனா கம்ப்ரசர் போயிடும், கண்ட்ரோலர் விலைக்கு அது வராது.

உள்ள நடக்குறது ரொம்ப சிம்பிள். வயர் நுனில இருக்குற சென்சார் பெரும்பாலும் என்டிசி தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் குறையும், 10கே டைப்னா 25 டிகிரில 10,000 ஓம், 0 டிகிரிக்கு இறங்குனா சுமார் 30,000 ஓம். உள்ள இருக்குற சிப் இத அளந்து டிகிரியா மாத்தி, நீங்க செட் பண்ணதோட ஒப்பிட்டு பாத்து ரிலேய (கரண்ட்ட போட்டு நிறுத்துற உள் சுவிட்ச்) ஆன் பண்ணும் இல்ல ஆஃப் பண்ணும், அவ்ளோதான். கம்ப்ரசர பாதி ஸ்பீடுல ஓட்டுற வேலையெல்லாம் இதுக்கு தெரியாது.

டிஃபரன்ஸ்ங்கறது ஆஃப் ஆன பிறகு எத்தன டிகிரி ஏறுனா மறுபடி ஆன் ஆகணும்ங்கற கணக்கு. உங்க செட்டிங்ல மைனஸ் 18ல நின்னு மைனஸ் 17.7லயே திரும்ப ஸ்டார்ட் ஆகுது, உள்ள இருக்குற காத்து 0.3 டிகிரி ஏற எவ்ளோ நேரம் ஆகப்போகுது, கதவ தொறந்து மூடுனாலே போதும். அத 2 இல்ல 3 டிகிரி ஆக்குங்க. பொருள் சூடாயிடுமேன்னு பயப்பட வேணாம், காத்துதான் சட்டுனு மாறும், உறைஞ்சு கெட்டியா கிடக்குற பொருள் அவ்ளோ சீக்கிரம் அசையாது. சில மாடல்ல டிஃபரன்ஸ் செட் பாயிண்ட்டுக்கு ரெண்டு பக்கமும் வேல செய்யும், மேனுவல்ல ஒரு தடவ பாத்துக்குங்க.

அந்த உறுமல் விஷயம்தான் முக்கியம். கம்ப்ரசர் நின்ன உடனே ஒரு பக்கம் பிரஷர் அதிகமாவும் இன்னொரு பக்கம் கம்மியாவும் இருக்கும், கேபிலரி ட்யூப்ங்கற மெல்லிசு குழாய் வழியா ரெண்டும் சமமாக சில நிமிஷம் வேணும். அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணா மோட்டார் சுத்த முடியாம கரண்ட் மட்டும் இழுக்கும், ஓவர்லோட்ங்கற பாதுகாப்பு சுவிட்ச் கட் பண்ணும், அதத்தான் நீங்க கேட்டீங்க. கண்ட்ரோலர்ல கம்ப்ரசர் டிலேன்னு ஒரு செட்டிங் இருக்கும், கொறஞ்சது 3 நிமிஷம் வைங்க, 5 வச்சாலும் தப்பில்ல. இந்த டிலே இல்லாத கண்ட்ரோலர கூலிங்குக்கு வாங்கவே வாங்காதீங்க, எவ்ளோ சீப்பா கிடைச்சாலும் சரி.

கேள்வி: 2000 வாட் ஹீட்டருக்கு 10 ஆம்ப் கண்ட்ரோலர் தாங்குமா?

பதில்: கணக்குப்படி 230 வோல்ட்ல 2000 வாட்னா 8.7 ஆம்ப், அப்ப தாங்கும்னுதான் தோணும். ஆனா அந்த 10 ஆம்ப் ரிலே மேல அச்சடிச்ச நம்பர், பின்னாடி இருக்குற குட்டி டெர்மினலுக்கும் போர்டுல இருக்குற ட்ராக்குக்கும் யாரும் கேரண்டி குடுக்கல. கிட்டத்தட்ட ஃபுல் லோட்ல நாள் பூரா ஆன் ஆஃப் ஆனா காண்டாக்ட் கருகி ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும், அப்புறம் டிஸ்ப்ளேல ஆஃப்னு காட்டும், லைட்டும் அணைஞ்சிருக்கும், ஹீட்டர் மட்டும் எரிஞ்சுகிட்டே இருக்கும். அதனால நடுவுல ஒரு காண்டாக்டர் (பெரிய கரண்ட்ட தாங்குற, காயில் வச்ச சுவிட்ச்) போடுங்க, கண்ட்ரோலர் அந்த காயிலுக்கு மட்டும் கரண்ட் குடுக்கட்டும். மோட்டார், கம்ப்ரசர்னா இன்னும் கவனமா இருக்கணும், ஸ்டார்ட் ஆகும்போது ஓடுற கரண்ட்ட விட பல மடங்கு இழுக்கும்.

எஸ்எஸ்ஆர் (அசையுற காண்டாக்ட் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) போடலாமான்னு கேப்பீங்க, போடலாம், ஆனா ஒரு ஆம்புக்கு ஒரு வாட்டுக்கு மேலயே அதுல சூடு வரும், ஹீட் சிங்க் இல்லாம போடாதீங்க. அது கெட்டுப்போறதும் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான், அதாவது ஆன்லயே நின்னுடும். எது போட்டாலும் சூடு அளவு தாண்டுனா தானா கட் பண்ற தெர்மல் கட்-ஆஃப் ஒன்னு தனியா ஹீட்டர் லைன்லயே, கரண்ட் அது வழியா போற மாதிரி சீரிஸ்ல இருக்கணும், இதுல மட்டும் நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். ஏன்னா சென்சார் நழுவி வெளிய விழுந்தாகூட கண்ட்ரோலர் இன்னும் சூடாகலன்னு நெனச்சு ஹீட்டர ஓட்டிக்கிட்டேதான் இருக்கும், அது மேல தப்பே இல்ல.

கேள்வி: பிஐடி கண்ட்ரோலர் வாங்குனா இன்னும் நல்லதா?

பதில்: பிஐடின்னா வித்தியாசத்த பாத்து பவர கூட்டி கொறைக்குற டைப். கம்ப்ரசருக்கு வேணாம், அடிக்கடி ஆன் ஆஃப் பண்ணிக் கெடுத்துடும். செட் பண்ண சூட்ட தாண்டக்கூடாதுன்னு இருக்குற ஹீட்டர் வேலைக்கு ரொம்ப நல்லது, கிட்ட வரும்போதே பவர கொறச்சுக்கும், செட்டிங்க அதுவே கண்டுபிடிச்சுக்குற ஆட்டோட்யூன் ஒரு தடவ ஓட்டி விடுங்க. வாங்கும்போது ரிலே அவுட்புட்டா எஸ்எஸ்ஆர் அவுட்புட்டான்னு மாடல் நம்பர பாத்து வாங்குங்க, வெளிய பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், எஸ்எஸ்ஆர் அவுட்புட்ல வர்ற கொஞ்சூண்டு டிசி வோல்ட்ட வச்சு சாதா காண்டாக்டர் இழுக்காது.

கேள்வி: கண்ட்ரோலர் காட்டுறதும் தெர்மாமீட்டர் காட்டுறதும் 2 டிகிரி வித்தியாசம், சென்சார் வயரையும் நீட்டணும், என்ன பண்ண?

பதில்: ஐஸ நொறுக்கி, கொஞ்சமா தண்ணி ஊத்தி, சென்சார் நுனிய ஐஸ் நடுவுல சொருகி கலக்கிகிட்டே இருங்க, நம்பர் நின்ன பிறகு பாருங்க, 0 காட்டணும். எவ்ளோ தள்ளி இருக்கோ அத கேலிபரேஷன் செட்டிங்ல போட்டா சரியாயிடும். வயர் விஷயத்துல என்டிசிக்கு கவலையில்ல, 10,000 ஓம்ல ஒரு ஓம் கூடுனா ஒன்னும் தெரியாது. பிடி100 (பிளாட்டினம் சென்சார்)னா ஒரு டிகிரிக்கே 0.385 ஓம்தான் மாறும், வயரோட ரெசிஸ்டன்ஸே டிகிரியா காட்டிடும், அதுக்கு மூணு வயர் கனெக்ஷன்தான் எடுக்கணும். தெர்மோகப்பிள் (ரெண்டு வேற உலோக வயர் சேர்ந்த சென்சார்)னா சாதா காப்பர் வயர ஜாயிண்ட் போடாதீங்க, அதே டைப் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்குங்க, ப்ளஸ் மைனஸ் மாத்தி மாட்டிட்டா சூடு ஏற ஏற ரீடிங் கீழ போகும்.