முதல் நஷ்டம் யாருக்கு? – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

மரபு நெல் பற்றியும் மருந்தில்லாச் சாகுபடி பற்றியும் நீங்கள் எழுதியதைப் படித்தேன். பர்மாவில், பயாஜி ஊருக்கு வடக்கே எனக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது, தாத்தா காலத்து நிலம். போன மாதம் எங்கள் ஊரில் இயற்கை விவசாயப் பயிற்சி நடத்தினார்கள். உரத்தை நிறுத்து, மருந்தை நிறுத்து, பறவைகளைக் காப்பாற்று என்றார்கள். எல்லாம் நல்ல பேச்சுதான். ஆனால் நடவுக்கு வாங்கிய கடன் அறுப்பன்று களத்துமேட்டில் வந்து நிற்குமே! விளைச்சல் விழுந்தால் அதை நாரையா கட்டும்? நீங்களாவது நேராகச் சொல்லுங்கள்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. பயிற்சியில் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் வரிசை தலைகீழ். கடனில் இருக்கிறவரிடம் எடுத்த எடுப்பில் உரத்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. வருஷக்கணக்கில் யூரியா தின்ற மண், அடுத்த பருவமே விளைச்சலைக் குறைத்துக் காட்டும். நிறுத்தினால் கைக்காசு மிஞ்சுகிற ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நட்ட முதல் நாற்பது நாளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

அந்த நாட்களில் இலைச்சுருட்டுப் புழு கடித்த வெள்ளை இலைகளைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஆனால் தூர் கட்டும் பருவத்து நெல் அந்தச் சேதத்தை ஈடுகட்டிக்கொள்ளும். காலையில் வயலில் இறங்கி, ஒரு தூரின் அடியைத் தட்டிப் பாருங்கள். தண்ணீரில் விழுவதில் ஓடுகிறவை சிலந்திகள். பச்சையாகச் சிறு பூச்சியும் விழும், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியின் முட்டையைத் தின்பது அது. நீங்கள் அடிக்கிற மருந்தில் முதலில் சாவது இவைதான். தண்டுக்குள் கிடக்கும் புகையான் முட்டை தப்பிவிடும். பிறகு அது பெருகும்போது தடுக்க வயலில் ஆள் இருக்காது. யூரியா மிகுந்த வயல் என்றால் இன்னும் வேகமாகப் பெருகும். இந்தோனேசியா இதை அனுபவித்தே கற்றுக்கொண்டது. 1986-ல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. நெல் விளைச்சல் அதனால் சரிந்துவிடவில்லை.

அடுத்தது உளுந்து. நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து விதைக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும் பாருங்கள். பூக்கிற சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரிலுள்ள முடிச்சை நகத்தால் நசுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை, அடுத்த முறை அந்த முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிரை விதையில் கலந்து விதையுங்கள். அறுவடையில் செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள். யூரியாவைக் குறைப்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம், அதுவும் ஒரு பாத்தியில் சோதித்துவிட்டு. ஆனால் உளுந்தை மட்டுமே நம்பி இருந்துவிடாதீர்கள். 2017-ல் இந்தியா இறக்குமதிக்கு வரம்பு வைத்தபோது இங்கே விலை எப்படி விழுந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

மரபு நெல்லுக்குக் கால் ஏக்கர் போதும். பவ்சான் போன்ற உயரமான ரகங்கள் கூடைக்கணக்கில் குறைவாகத்தான் கொடுக்கும், விலையில் கொஞ்சம் ஈடாகும். விதையை உங்கள் வீட்டில் மட்டும் வைக்காமல் வேறு ஊர் உறவுக்காரரிடமும் கொஞ்சம் கொடுத்து வையுங்கள். 2008-ல் நர்கிஸ் புயல் இராவதி டெல்டாவில் புகுந்தபோது வீட்டோடு விதை நெல்லும் போனது. வயலில் உப்புநீர் ஏறியது. உப்பைத் தாங்கும் நாட்டு ரகம் யாரிடம் இருக்கிறது என்று அதற்குப் பிறகு தேடுவதில் என்ன பயன்?

நாரையைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து மொயுன்ஜி ஏரி, 1878-ல் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க வெட்டிய நீர்த்தேக்கம். 2004-ல் பர்மாவின் முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானதென்று பட்டியலிடப்பட்ட ஈரநிலம் ஆனது. அங்கே வரும் பறவைகள் உங்கள் வயலிலும் மேய்கின்றன. மருந்து குறைந்தால் வாய்க்காலில் விராலும் கெளுத்தியும் திரும்ப வரும். அந்த மீன் உங்கள் வீட்டுக் குழம்புக்கும் ஆகும். பறவைக்காக நீங்கள் தனியாக எதையும் இழக்க வேண்டியதில்லை.

கடன் விஷயத்தில் நம்மவர்களின் பழைய கதை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கீழ்பர்மா முழுக்க ஏற்றுமதிக்காக ஒரே நெல்லாக நட்டார்கள், அத்தனையும் கடனில். 1930-ல் விலை சரிந்ததும், சில வருஷத்தில் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் நாலில் ஒரு பங்கு செட்டியார்களின் கைக்குப் போனது. நஷ்டம் முழுவதும் உழுதவன் தலையில். பறவையைக் காப்பாற்றுகிறோம் என்று வருகிறவர்களும் அதே இடத்தில் நஷ்டத்தை இறக்கிவைத்தால் நான் அவர்கள் பக்கம் நிற்க மாட்டேன்.

அடுத்த பயிற்சிக்கு அவர்கள் வரும்போது ஊரார் சேர்ந்தே கேளுங்கள். முதல் இரண்டு பருவத்தில் விளைச்சல் குறைந்தால் எவ்வளவு ஈடு கொடுப்பீர்கள், மருந்தில்லா நெல்லை என்ன விலைக்கு எடுப்பீர்கள்? பதிலை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், ஒரு பாத்திக்கு மேல் அவர்கள் பேச்சுக்கு விடாதீர்கள்.

அன்புடன்.