கேள்வி பதில்: காட்டரிசியும் கொல்லிமலைச் சாமையும்

கேள்வி: மின்னியாபொலிசிலிருந்து வந்த மகள் 'வைல்டு ரைஸ்' என்று ஒரு பாக்கெட் கொண்டுவந்தாள். கன்னங்கரேல் என்று இருக்கிறது, முக்கால் மணி நேரம் அடுப்பில் வைத்தும் நறுக் நறுக் என்கிறது. இதையா அங்குள்ள பழங்குடிகள் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள்? (வாசகி, ஆத்தூர்)

பதில்: அநேகமாக இல்லை. அது வயலில் பயிரிட்டு இயந்திரத்தால் அறுத்ததாக இருக்கும், கலிபோர்னியாவிலிருந்துகூட வந்திருக்கலாம். அங்குள்ள அனிஷினாபே பழங்குடி மக்கள் மனோமின் என்று அழைக்கும் காட்டரிசி, ஏரியில் தானாக விளைவது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் இரண்டு பேர் தோணியில் போவார்கள். ஒருவர் கழி ஊன்றித் தள்ள, மற்றவர் ஒரு குச்சியால் கதிரை வளைத்து இன்னொன்றால் மெல்லத் தட்டுவார். பழுத்தது தோணிக்குள் விழும், தவறியது தண்ணீரில் விழும், அதுதான் வரும் வருஷத்து விதை. ஒரே கதிரில் எல்லா மணியும் ஒன்றாகப் பழுக்காது என்பதால் அதே ஏரிக்கு மறுபடி மறுபடி போக வேண்டும். விறகடுப்பில் வறுத்து, மிதித்து, புடைத்த அந்த அரிசி பழுப்பாக இருக்கும், இருபது நிமிஷத்தில் வெந்துவிடும்.

இயந்திரத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. அதனால் மணி உதிராத ரகங்களை 1960களிலிருந்து மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கியது, பணம் வயல்காரர்களிடம் போனது, விலை இறங்கியது, தோணியில் போனவர்கள் நொந்துபோனார்கள். இத்தனைக்கும் ஏரிகளில் மனோமின் சேகரிக்கும் உரிமை, அமெரிக்க அரசு அவர்களோடு செய்த 1837 ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. அது இன்னும் செல்லும் என்று 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2018இல் மினசோட்டாவில் உள்ள அனிஷினாபே மக்களின் ஒயிட் எர்த் பழங்குடி அரசு ஒரு படி மேலே போய், மனோமினுக்கே சட்ட உரிமை உண்டு என்று சட்டம் போட்டது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஏரித் தண்ணீர் கெட்டால் அரிசி இல்லை, அதனால் எனக்கு அது சரியான சட்டமாகவே படுகிறது.

கேள்வி: வயிறு நிறைந்தால் போதாதா, 'உணவு இறையாண்மை' என்று பெரிய பேச்சு எதற்கு? (வாசகர், திருப்பூர்)

பதில்: 1864இல் அமெரிக்க ராணுவம் நவாஹோ என்ற பழங்குடி மக்களின் பீச் பழ மரங்களை வெட்டிச் சாய்த்தது, அவர்களை நியூ மெக்சிகோவில் ஒரு முகாமுக்கு நடத்திக்கொண்டு போய் மாவும் கொழுப்பும் ரேஷன் கொடுத்தது. சோறு போட்டாச்சு, சரி. மரத்தை வெட்டியவன் கையில் அளந்து வாங்கிச் சாப்பிடுவதும், தன் தோப்பில் பறித்துச் சாப்பிடுவதும் ஒன்றா? என்ன விளைவிப்பது, என்ன உண்பது என்பதை விளைவிப்பவர்களே முடிவு செய்ய வேண்டும் என்று 1996இல் வியா கம்பெசினா என்ற சர்வதேச விவசாயிகள் அமைப்பு 'உணவு இறையாண்மை' என்று முன்வைத்தது இதைத்தான்.

கேள்வி: கொல்லிமலையில் சாமை குறைந்ததற்கு ரேஷன் அரிசிதான் காரணம் என்கிறார் என் மாமனார். (வாசகி, ராசிபுரம்)

பதில்: பாதி சரி. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்குக் கையில் காசு கொடுத்தன, மீதிப் பாதியில் முக்கியமானது அது. ஆனால் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிற காரணம் உரல். சாமை மணி பொடிசு, உமி கெட்டி. குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அதைச் செய்தது கொல்லிமலையில் வாழும் 'மலையாளி' என்ற பழங்குடிப் பெண்கள் (கேரளத்தவர் அல்ல). ரேஷன் அரிசியோ களைந்து உலையில் போட்டால் ஆச்சு, யார் அதை வேண்டாம் என்பார்கள்? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைமேலேயே சிறிய அரவை இயந்திரங்களை மகளிர் குழுக்களிடம் கொடுத்தது அதனால்தான் எனக்குப் பிடித்த வேலை. உலக்கையைத் தொடாதவர்கள் மேடையில் 'பழைய உணவுக்குத் திரும்புங்கள்' என்று பேசும்போது எரிச்சல்தான் வருகிறது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையை விட்டுவிட்டு, லேசாகப் பழுப்பு ஒட்டியிருப்பதைக் கேளுங்கள். சீக்கிரம் வண்டு வைக்கும், கொஞ்சமாக வாங்குங்கள்.