பில்லிங் மென்பொருளுக்குப் பிளகின்: எங்கே தொடங்குவது?

கேள்வி: சர்வரில் ஓடும் பில்லிங் அப்ளிகேஷன் ஒன்றைப் பராமரிக்கிறோம். ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒவ்வொரு மாற்றம் கேட்கிறார். புரோகிராம் கோடு (code) முழுக்க ‘இவர் என்றால் இப்படி, அவர் என்றால் அப்படி’ என்ற நிபந்தனைகள்தான். பிளகின் முறைக்கு, அதாவது மூல மென்பொருளைத் தொடாமல் மாற்றங்களைத் தனித் துணை நிரல்களாகச் சேர்க்கும் முறைக்கு, மாறலாமா? எப்படித் தொடங்குவது?

பதில்: தாராளமாக மாறலாம். பிளகினை லோடு செய்யும் கோடை மட்டும் முதலில் எழுத உட்காராதீர்கள். அது சுலபமான பகுதி. அந்த நிபந்தனைகளை எல்லாம் தேடி எடுத்து, எங்கெங்கே வருகின்றன என்று பாருங்கள். வரி போடும்போது, பில் எண் கொடுக்கும்போது, பில்லைச் சேமித்த பிறகு என்று சில இடங்களிலேயே குவிந்திருக்கும். அவைதான் உங்கள் ஹூக்குகள், அதாவது பிளகின் வந்து இணையும் இடங்கள். யாரும் கேட்காத இடத்தில் ஹூக் வைக்க வேண்டாம். ஒருமுறை வெளியே கொடுத்துவிட்டால், அதை நம்பி யாராவது எழுதிவிடுவார்கள், அப்புறம் எடுக்க முடியாது.

இணையதளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2004-ல் 1.2 பதிப்பிலேயே பிளகினுக்கு இடம் கொடுத்தது. அதன் ஹூக்குகள் இரண்டு வகை. ‘இது நடந்தது’ என்று தெரிவிப்பது ஆக்‌ஷன். ஒரு மதிப்பைக் கொடுத்து, திருத்தித் திருப்பித் தரச் சொல்வது ஃபில்டர். உங்களுக்கும் இந்த இரண்டு போதும். ஃபில்டரில்தான் கவனம் தேவை. பிளகின் எழுதியவர் மதிப்பைத் திருப்பித் தர மறந்தால், பில் தொகையே காலியாகிவிடும். திரும்பி வருவது எண்தானா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். இல்லையென்றால் பழைய மதிப்பை வைத்துக்கொண்டு, பிளகின் பெயரை லாகில் எழுதுங்கள்.

அடுத்தது வரிசை. தொகை 1000. ஒரு பிளகின் 100 தள்ளுபடி தருகிறது, இன்னொன்று 10 சதவீத வரி போடுகிறது. தள்ளுபடி முதலில் என்றால் 990, வரி முதலில் என்றால் 1000. இரண்டு பிளகினிலும் தவறு இல்லை, ஆனால் பில் மாறுகிறது! வேர்ட்பிரஸில் முன்னுரிமை எண் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் 10. பணம் புழங்கும் இடத்தில் அதை எழுதுபவர் இஷ்டத்துக்கு விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘வரிக்கு முன்’, ‘வரிக்குப் பின்’ என்று தனித்தனி ஹூக்காகவே வையுங்கள்.

டேட்டாபேஸ் டேபிள்களைப் பிளகினிடம் நேரடியாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் டேபிளில் ஒரு காலத்தின் (column) பெயரைக்கூட மாற்ற முடியாது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் உள் அமைப்பில் பழைய ஆட்-ஆன்கள் இஷ்டம்போல் கைவைத்தன. 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு வந்தபோது அந்த வகையையே கைவிட வேண்டியதாயிற்று.

பிளகின் எழுதப்போவது உங்கள் குழு மட்டும் என்றால் ஒரே ப்ராசஸில், அதாவது அப்ளிகேஷனோடு சேர்ந்தே, ஓடட்டும், சரி. வெளியாட்கள் என்றால் வேண்டவே வேண்டாம். ஒரே ப்ராசஸில் இருக்கும் பிளகின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் படிக்கும். முடிவில்லாத லூப்பில் சிக்கினால் எந்த எர்ரர் பிடிப்பும் காப்பாற்றாது. தரவை வரைபடமாகக் காட்டும் மென்பொருளான கிராஃபானா, தன் பேக்எண்ட் (சர்வர் பக்க) பிளகின்களைத் தனி ப்ராசஸாக ஓட்டுகிறது. நீங்களும் அப்படிப் பிரித்து, நேர வரம்பும் வையுங்கள்.

வெளியே தருவதற்கு முன் உங்கள் வரிக் கணக்கையே பிளகினாக மாற்றி எழுதிப் பாருங்கள். ஹூக்கைத் தாண்டி உள்ளே கைவைக்க வேண்டி வந்தால், அந்த ஹூக் இன்னும் தயாராகவில்லை.