ரத்தத்தில் தெரியுமா மனச்சோர்வு?

அன்புள்ள ஐயா,

எனக்கு மனச்சோர்வு என்று எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. குமட்டல்தான் மிச்சம். மூளையில் செரோடோனின் என்ற ரசாயனம் குறைவு என்கிறார்கள். ஆனால் குறைந்திருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கவே இல்லை. உற்சாகம் எல்லை மீறும் பித்தும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்க்கு லித்தியம் சாப்பிடும் என் தம்பிக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். எனக்கு ஏன் இல்லை? சோதிக்காமல் தரும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். குமட்டலை அவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். பதற்றம் கூடினாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ அன்றே போய்ப் பாருங்கள்.

தம்பியின் ரத்தத்தில் அவர்கள் தேடுவது மருந்தை. லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5ஐத் தாண்டினால் விஷம். அதனால்தான் இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்கிறார்கள். வயிற்றுப்போக்கில் நீர் வற்றினாலும், மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டாலும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். கை நடுக்கம் கூடி நடை தள்ளாடினால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது.

1949ல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர், பித்துநிலையில் இருந்த பத்துப் பேர் லித்தியத்தால் தெளிந்ததைக் கட்டுரையாக வெளியிட்டார். அவருடைய முதல் நோயாளி பல வருடப் பித்திலிருந்து மீண்டு பழைய வேலைக்கே திரும்பினார். 1950ல் அதே லித்தியம் நச்சேறி இறந்துபோனார். ரத்தத்தில் அளந்து கொடுக்கும் வழக்கம் வந்த பிறகுதான் மருத்துவர்களுக்கு இந்த மருந்தின்மேல் துணிவு வந்தது. அமெரிக்கா 1970ல்தான் அனுமதித்தது. தம்பி ஊசிக்குச் சலித்துக்கொண்டால் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயம் வேறு. உடம்பிலுள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது. உங்கள் குமட்டலுக்கும் அதில் பங்குண்டு. ரத்தத்தில் ஓடும் செரோடோனின் மூளைக்குள் நுழையாது. ஆகவே கையில் எடுக்கும் ரத்தம் மூளையின் நிலையைச் சொல்லாது.

அந்தக் 'குறைவு' என்ற பேச்சே மருந்திலிருந்து பின்னோக்கிப் போய் யூகித்ததுதான். 1952ல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட், நோயாளிகளை உற்சாகமாக்கியது. செரோடோனின் போன்ற, நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுபோகும் நரம்புக்கடத்திகள் சிதையாமல் அது காக்கிறது என்று தெரிந்ததும், அப்படியானால் அவை குறைவதே சோர்வுக்குக் காரணம் என்றார்கள். இன்றுவரை அது நிரூபணமாகவில்லை. செரோடோனினைத் தொடாமலே மனச்சோர்வைக் குறைக்கும் புப்ரோபியான் போன்ற மருந்துகளும் உண்டு. ஆனால் உங்கள் மாத்திரை பலருக்குப் பலன் தருகிறது என்பது முறையான சோதனைகளில் தெரிந்த உண்மை. காரணம் முழுதாகப் புரியவில்லை என்பதற்காக அந்தப் பலனை உதற வேண்டியதில்லை.

எஸ்சிடலோபிராம், வெளிவந்த செரோடோனினை நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்வதைச் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடும். இருந்தும் மனம் தேற இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். செரோடோனின் கூடியதும் நரம்பணுவிலுள்ள உணர்விகள் 'போதும்' என்று சுரப்பைக் குறைக்கின்றன. அவை மெல்ல மெல்ல மந்தமான பிறகுதான் சுரப்பு சீராகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். நரம்பணுக்களிடையே புதிய இணைப்புகள் உருவாகவும் நாள் பிடிக்கிறது. பத்தாம் நாளில் பலனில்லை என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறு ஒன்று. தம்பிக்கு பைபோலார் என்பதை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா? உடன்பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உங்கள் சோர்வு பைபோலாரின் சோர்வாக இருந்தால், இந்த மாத்திரை தனியாகக் கொடுக்கும்போது பித்தைத் தூண்டிவிடலாம். சொல்லவில்லை என்றால் நாளைக்கே சொல்லிவிடுங்கள். தூக்கமே வேண்டாம் என்னும்படி உற்சாகம் பொங்கினால், குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாமல் உடனே அவரைக் கூப்பிடுங்கள்.