எழுதிக் கொடுத்த வீட்டிலேயே அம்மா அடி வாங்கினால்?

கேள்வி: மகன் பேருக்கு வீட்டை எழுதிக் கொடுத்த அம்மாவை அவனே அடிக்கிறான். அம்மா போலீஸுக்குப் போக மறுக்கிறார். வேறு வழி உண்டா?

"தெரிந்த ஒருவருக்காகக் கேட்கிறேன்" என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவாகத்தான் இருக்கும். பரவாயில்லை, இதை வெளியே சொல்ல யாருக்கும் வாய் வராது.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்பா போனதும் அம்மா வீட்டைத் தம்பி பேருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் பென்ஷன் ஏடிஎம் கார்டும் அவன் பர்ஸுக்குப் போய்விட்டது. நான் போன் செய்தால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். "நல்லா இருக்கேன்டி" என்பதற்கு மேல் வார்த்தை வராது. ஒரு கல்யாணத்தில் அவளுக்குப் புடவை மாற்றிவிடும்போதுதான் பார்த்தேன். முழங்கைக்கு மேலே நாலு விரலும் பதிந்த கன்றல். பழசு மஞ்சளாக, புதுசு நீலமாக. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். பாத்ரூம் தரைக்கு விரல் முளைத்திருக்கிறதா என்ன?

போலீஸ் என்றதும் அழ ஆரம்பித்துவிட்டாள். "அவன் கம்பி எண்ணுறதைப் பார்க்கவா பெத்தேன்?" அதற்கு மேல் நான் என்ன பேச?

அப்புறம்தான் ஆர்டிஓ ஆபீஸ், அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம் போனோம். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத் தலைவர். அங்கே மனு போட்டால் யாரையும் கைது செய்ய மாட்டார்கள், கூப்பிட்டு விசாரிப்பார்கள். இதை விளக்கிச் சொன்ன பிறகே அம்மா கையெழுத்துப் போட்டாள். எங்கள் பத்திரத்தில் "ஆயுள் பரியந்தம் வைத்துக் காப்பாற்ற வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்ய அது போதுமானதாக இருந்தது. உங்கள் பத்திரத்தில் அந்த வரி இல்லாவிட்டாலும் மனு போடுங்கள். அன்பும் கவனிப்பும் இப்படிப்பட்ட பத்திரத்தில் சொல்லாமலே அடங்கிய நிபந்தனை என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மகள் சொத்துக்குத்தான் கிளப்பிவிட்டாள் என்று இங்கேயும் யாராவது கமென்ட் போடுவார்கள். வீடு இப்போது அம்மா பேரில் இருக்கிறது, என் பேரில் ஒரு செங்கல் கிடையாது. எல்லா மகன்களையும் நான் சொல்லவில்லை, மகளே அடிக்கிற வீடும் உண்டு. ஆனால் ஒன்று, "குடும்ப மானம் போச்சு" என்று என்னிடம் கத்திய சித்தப்பா அந்தக் கன்றலைப் பற்றித் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

   

பத்திரத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. அம்மா தனியாக இருக்கும் நேரம் பார்த்து, ஸ்பீக்கர் இல்லாத போனில் பேசவையுங்கள்.