ஒரு நாளுக்கு ஒரு மலை

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் அப்பா அம்மாவுடன் மதுரை வருகிறோம். அப்பாவுக்கு 71 வயது, மூட்டுவலி உண்டு. மலை, பறவை, பழைய கல்வெட்டு என்றால் அவருக்கு உயிர். கையில் ஒரே ஒரு நாள். கொடைக்கானல் போய்த் திரும்பலாமா, பக்கத்திலேயே நிதானமாகப் பார்க்க ஏதாவது உண்டா? கூடவே அழகர்கோவிலையும் சேர்த்துக்கொள்ளலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கொடைக்கானல் வேண்டாம். ஏறி இறங்குவதிலேயே பகல் போய்விடும், அப்பாவுக்கு முதுகுவலிதான் மிஞ்சும். அரிட்டாபட்டிக்குக் கூட்டிப் போங்கள். மேலூர் பக்கம், மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் போல. குளிரும் மேகமும் கிடையாது. ஏழு பாறைக் குன்றுகள், அவற்றின் காலடியில் கண்மாய், அப்புறம் வயல். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த இடம்.

ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். என்னைக் கூட்டிப் போன பெரியவர் சின்ன வயதில் அங்கே ஆடு மேய்த்தவர். செங்குத்தான பாறையில் சுண்ணாம்பு வழிந்தது மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. "அது எச்சம். அதுக்கு மேல உள்ள பொந்தையே பாருங்க" என்றார். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு பாறையோடு பாறையாக இருந்த ஏதோ ஒன்று தலையைத் திருப்பியது. ஷாஹீன் வல்லூறு, பறவைகளைப் பாய்ந்து பிடிக்கும் வேட்டைப் பறவை. அது பாய்ந்தபோது என் கண்ணால் தொடர முடியவில்லை. கண்மாய்ப் பக்கம் புறாக் கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்ததைத்தான் பார்த்தேன். அவர் இல்லையென்றால் அந்தப் பாறையை ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

லகர் வல்லூறும் ராசாளிக் கழுகும்கூட அங்கே உண்டு. பறவைகள் மட்டும் 250 வகை வரை கணக்கெடுத்திருக்கிறார்கள். தேவாங்கும் அழுங்கும் (எறும்புத்தின்னி) இரவில் நடமாடுபவை, பகலில் எதிர்பார்க்க வேண்டாம்.

வெயில் ஏறுவதற்குள் சமணர் குகைக்குப் போய்விடுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க குகையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். அங்கேதான் தமிழி, அதாவது தமிழ்-பிராமி எழுத்தில் உள்ள கல்வெட்டு, 2,000 ஆண்டுக்கு மேல் பழையது. நெல்வேலிக்காரர் ஒருவர் இந்த 'முழாகை'யைச் செய்துகொடுத்தார் என்கிறது. முழாகை என்றால் குகை. முழை, முழைஞ்சு என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்தான்.

பக்கத்தில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பம். அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்தது என்று கீழே வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் கடைசி வரியை அப்பாவுக்கு நிதானமாகக் காட்டுங்கள். இந்தத் திருமேனியைக் காக்கும் பொறுப்பைப் பாதிரிக்குடி ஊராரிடம் ஒப்படைக்கிறது அது. 2024 நவம்பரில் இந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்ததும் சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் கிளம்பின. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்குப் பேரணியாக வந்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த வரியை இப்போது வாசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மலையின் மேற்குப் பக்கம் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். லிங்கத்தைத் தனியாகக் கொண்டுவந்து வைக்கவில்லை, அதே பாறையில் செதுக்கியது. சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசருக்கு இங்குள்ள சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம், அவசரப்படாமல் பாருங்கள்.

மூட்டுவலிக்காரர் உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. குகை வரை மெல்ல நடந்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் உட்கார வையுங்கள். பாறையில் விழும் மழை சுனைகளில் தங்கி, வழிந்து, கண்மாய்க்கு வந்து, மடை வழியாக வயலுக்குப் போகிறது. கரையில் உட்கார்ந்தபடியே மலையையும் வயலையும் சேர்த்துப் பார்க்கலாம்.

காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். மலையடியில் கடையை நம்ப வேண்டாம், தண்ணீரும் இட்லியும் கட்டிக்கொள்ளுங்கள். வல்லூறு கூட்டுப் பக்கம் ஏற வேண்டாம், பாட்டும் போட வேண்டாம்.

அழகர்கோவிலை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலை வெயில் சாய்ந்து பாறை சிவக்கும்வரை அப்பா கண்மாய்க் கரையிலேயே இருக்கட்டும்.