கதை முடிவில் யாராவது சாகத்தான் வேண்டுமா? பழைய ஆங்கிலப் புனைவில் தன்பால் காதல்: கேள்வி பதில்

நாவல், சிறுகதை பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். ஷேக்ஸ்பியரின் சானட்டுகளை (பதினான்கு வரிக் கவிதைகளை)ப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். அது தனிக் கடல்.

கேள்வி: ஐயா, ஆங்கில நாவலில் இந்த விஷயம் எப்போது தலைகாட்டுகிறது?

பதில்: நாவல் அங்கே காலூன்றிய காலத்திலேயே. 1748இல் ஸ்மாலெட் எழுதிய ‘ரோடரிக் ராண்டம்’ நாவலில் விஃபிள் என்றொரு கப்பல் கேப்டன் வருகிறான். பட்டுடை, வாசனைத் திரவியம், பக்கத்தில் புகையிலை நாற்றம் அடித்தால் மயக்கம். வெறும் கேலிச்சித்திரம். அதே ஆண்டும் மறு ஆண்டுமாக கிளிலாந்தின் ‘ஃபேனி ஹில்’ வெளிவந்தது. அதில் ஒரு வேடிக்கை. எதையும் கூச்சமின்றி விவரிக்கும் ஃபேனி, விடுதியில் இரண்டு ஆண்கள் கூடுவதை ஒளிந்திருந்து கடைசிவரை பார்க்கிறாள். பிறகுதான் அவளுக்கு அறச்சீற்றம் வருகிறது. அவர்களைப் பிடித்துக்கொடுக்க நாற்காலியிலிருந்து குதித்தவள் கால் தடுக்கி மூர்ச்சையாகிவிடுகிறாள், அவர்கள் தப்பிவிடுகிறார்கள். ஆசிரியர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் இந்தக் காட்சி இல்லை.

கேள்வி: இரண்டு ஆண்கள் நெருக்கமாகப் பழகினாலே காதல் என்று எழுதிவிடுகிறீர்கள். நட்பு என்று ஒன்று கிடையாதா?

பதில்: உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு நண்பர்கள் இன்றைய காதலர்களைவிட உருகி உருகிக் கடிதம் எழுதினார்கள். ஆனால் பேயர்ட் டெய்லர் என்ற அமெரிக்கர் 1870இல் வெளியிட்ட ‘ஜோசஃப் அண்ட் ஹிஸ் ஃபிரண்ட்’ நாவலைப் பாருங்கள். ஆண் பெண்ணிடம் கொள்ளும் அன்பைப் போலவே ஆண் ஆணிடம் கொள்ளும் அன்பின் உண்மையையும் மென்மையையும் நம்புவோருக்கு இந்நூல் என்று முன்னுரையிலேயே சொல்கிறார். இதற்கு மேல் நாம் என்ன கற்பனை செய்ய இருக்கிறது? இறுதியில் ஜோசஃபின் மனம் நண்பனின் சகோதரி பக்கம் திரும்புகிறது. அதைப் பார்த்து நண்பன் மனத்தைத் தேற்றிக்கொள்கிறான். நாவலில் எனக்குப் பிடிக்காத இடம் அதுதான்.

கேள்வி: பெண்களுக்கிடையிலான காதல்?

பதில்: பேய்க்கதைக்குள் ஒளிந்து வந்தது. அயர்லாந்துக்காரரான லெ ஃபனுவின் ‘கார்மில்லா’ 1871–72இல் தொடராக வந்தது. ‘டிராகுலா’வுக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு முன்பு. லாரா என்ற இளம்பெண்ணிடம் ரத்தம் குடிக்கும் கார்மில்லா பேசுவதெல்லாம் காதல் வசனம். பேய் பேசுகிறது என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. முடிவில் அவள் மார்பில் முளை அடித்து, தலையை வெட்டி, எரித்து, சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள். ஆனாலும் அவளுடைய காலடியோசை இன்னமும் கேட்பதாகச் சொல்லித்தான் லாரா கதையை முடிக்கிறாள்.

கேள்வி: ஆஸ்கார் வைல்டை அவருடைய நாவலை வைத்தே தண்டித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. ‘டோரியன் கிரே’ முதலில் 1890 ஜூலையில் லிப்பின்காட் மாத இதழில் வந்தது. அச்சுக்குப் போகும் முன்பே இதழாசிரியர் ஏறக்குறைய 500 சொற்களை வெட்டியிருந்தார். அப்படியும் பத்திரிகைகள் கொதித்தன. 1891இல் நூலாக்கியபோது, ஓவியன் பாசில் டோரியனிடம் தன் உள்ளத்தைத் திறக்கும் வரிகளை வைல்டே அடக்கி எழுதினார். 1895 ஏப்ரலில், தன்னைப் பழித்த குவீன்ஸ்பெரி பிரபு மீது வைல்ட் தொடுத்த அவதூறு வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கார்சன் கையில் எடுத்தது பழைய இதழ் வடிவத்தை. அடக்கிய வரிகளே நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன. அந்த வழக்கு சரிந்து, வைல்டே குற்றவாளிக் கூண்டில் ஏற நேர்ந்தது. ஆனால் மே 25 அன்று கிடைத்த இரண்டாண்டுக் கடுங்காவலுக்கு ஆதாரம் நாவல் அல்ல, சாட்சிகள். ஆண்களுக்கிடையிலான ‘பெரும் ஒழுக்கக்கேடு’ எதையும் குற்றமாக்கிய 1885ஆம் ஆண்டுச் சட்டம் அவரைச் சிறைக்கு அனுப்பியது.

கேள்வி: அந்தக் காலத்தில் மகிழ்ச்சியாக முடிந்த கதை ஒன்றுகூட இல்லையா?

பதில்: உண்டு, கடைக்குத்தான் வரவில்லை. பிரைம்-ஸ்டீவன்சன் என்ற அமெரிக்கர் ‘இம்ரே’ நாவலை 1906இல் புனைபெயரில் இத்தாலியில் சொந்தமாக அச்சிட்டுக்கொண்டார். அதில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள்.

ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டரின் ‘மாரிஸ்’ இன்னும் பெரிய கதை. 1913இல் அவர் எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பென்டரைப் பார்க்க மில்தார்ப் கிராமத்துக்குப் போனார். கார்ப்பென்டர் தம் துணைவர் ஜார்ஜ் மெரிலுடன் அங்கே ஊரறிய வாழ்ந்துவந்தார். மெரில் ஃபார்ஸ்டரின் முதுகுக்குக் கீழே லேசாகத் தொட்டாராம். அந்தத் தொடுகையிலேயே நாவல் உருக்கொண்டுவிட்டது என்று ஃபார்ஸ்டர் எழுதியிருக்கிறார். 1914இல் எழுதி முடித்தார். பங்குத்தரகன் மாரிஸும் வேட்டைக்காட்டுக் காவலன் அலெக்கும் இறுதியில் சேர்ந்து வாழப் போகிறார்கள். மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் என்பதில் ஃபார்ஸ்டர் பிடிவாதமாக இருந்தார். அதனால்தான் நூலை வெளியிட முடியவில்லை என்றும் 1960இல் எழுதிய குறிப்பில் சொல்கிறார்: பையன் தூக்கில் தொங்கியிருந்தால் சிக்கலே இருந்திருக்காது; காதலர்கள் தண்டனையின்றித் தப்புவதால் நூல் குற்றத்துக்குச் சிபாரிசு செய்வதாகிவிடுகிறது. கையெழுத்துப் படியைப் படித்த நண்பரும் எழுத்தாளருமான ஸ்ட்ரேச்சி, இந்த உறவு ஆறு வாரம்தான் தாங்கும் என்றாராம். 1967இல் சட்டம் தளர்ந்த பிறகும் ஃபார்ஸ்டர் வெளியிடவில்லை. 1970இல் இறந்தார், 1971இல் நூல் வந்தது.

கேள்வி: ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’ படித்தேன். தடை செய்யும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

பதில்: நாயகியும் அவள் காதலியும் அன்றிரவு பிரியவில்லை என்ற பொருளில் ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். ராட்க்ளிஃப் ஹாலின் இந்த நாவல் 1928 ஜூலையில் வந்தது. ஆகஸ்டில் சண்டே எக்ஸ்பிரஸ் ஆசிரியர் ஜேம்ஸ் டக்ளஸ், ஆரோக்கியமான பையனுக்கோ பெண்ணுக்கோ இந்த நாவலைக் கொடுப்பதைவிட ஒரு குப்பி நஞ்சைக் கொடுப்பேன் என்று எழுதினார். நவம்பரில் லண்டன் பௌ தெரு நீதிமன்றத்தில் வழக்கு. எழுத்தாளர்கள், மருத்துவர்கள் என ஏறக்குறைய 40 பேர் சாட்சி சொல்லத் திரண்டார்கள். வர்ஜீனியா உல்ஃபும் ஃபார்ஸ்டரும் அவர்களில் உண்டு. இலக்கியத் தரம் பற்றிய சாட்சியம் தேவையில்லை என்று நீதிபதி பைரன் ஒதுக்கிவிட்டு, பிரதிகளை அழிக்க உத்தரவிட்டார்.

பெண்களுக்கிடையிலான உறவு இங்கிலாந்தில் குற்றமே இல்லை. 1921இல் குற்றமாக்க முயன்றபோது பிரபுக்கள் சபை தடுத்துவிட்டது. ஆகவே செயல் குற்றமல்ல, எழுத்து குற்றம்! ஹாலின் நாவல் வந்த அதே 1928இல் இதே பொருளைக் கேலியாக எழுதிய நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கென்சி மீது வழக்கு இல்லை. அனுதாபம் கேட்டதுதான் ஹால் செய்த பிழை. நாவல் சற்று அழுமூஞ்சி என்பது என் கருத்து, அதற்காக எரிப்பார்களா?

கேள்வி: தன்பால் உறவைக் குற்றமாக்கிய நம் 377ஆம் பிரிவும் ஆங்கிலேயர் கொடுத்ததுதானே?

பதில்: ஆம். 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தோடு வந்தது. மனமொத்த வயதுவந்தோரைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2018 செப்டம்பர் 6 அன்று. இங்கிலாந்து அதற்கு 51 ஆண்டுகள் முன்பே தன் வீட்டைத் திருத்திக்கொண்டது.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

பதில்: ‘கார்மில்லா’. ஒரே மாலையில் முடித்துவிடலாம். அடுத்து ‘மாரிஸ்’, ஃபார்ஸ்டரின் பின்குறிப்பு உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ‘ஃபேனி ஹில்’லை வாங்குவதானால் முழுப் பதிப்புதானா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.